ஒற்றியூரில் உண்ட பழைய சோறு

வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு மூன்று அம்மன் தரிசனத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடி வரும் நாளில், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மனையும், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடை அம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மனையும் வணங்கிவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது இங்கே நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று மூவரையும் வரிசைப்படுத்திச் சொல்வார்கள். 1991-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி அப்படி ஒரு நாள். ஆடி வெள்ளியும் அதுவேயாக அமைந்துவிட்டதால் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வேலை தேடிக்கொண்டிருந்த என்னை அம்மா அன்று விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிக்கச் சொல்லி, சட்டைப்பையில் இருபது ரூபாயை வைத்து, பழைய வண்ணாரப்பேட்டை வீட்டிலிருந்து அனுப்பிவைத்தார். வடிவுடை அம்மனைப் பார்க்கும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

மேலூர் தரிசனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீஞ்சூரில் ரயிலிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன், கும்பிட்டேன், திரும்பினேன். திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆடிக்காற்று தெருப்புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோயிலின் பெருமையை ஒரு பத்தியில் அடக்க முடியாது. மூலவரான ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தப்பட்டிருக்கும் அவரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில்தான் கவசமின்றிக் காண முடியும். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்ததும், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது கண்ணொளியை இழந்ததும் இந்தத் தலத்தில்தான். விளக்கெரிக்க எண்ணெய் வாங்க வழியில்லாமல் போனபோது தன் கழுத்தை அரிந்து குருதியால் அகலை நிரப்பத் துணிந்த கலிய நாயனாரும் இவ்வூர்ச் செக்கு வணிகரே. இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பசி வயிற்றைத் தாண்டித் தலைக்கு ஏறிவிட்டது என்பதும், அம்மன் சந்நிதி வரிசை நகரவே மறுக்கிறது என்பதும்தான். ஒருவழியாக உள்ளே போய், வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள நினைத்து, அம்மன் முகத்தைப் பார்த்த கணத்தில் அதையும் மறந்து, குங்குமத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இனிமேல் சாப்பிடலாம் என்ற மகிழ்ச்சியோடு சட்டைப்பையில் கைவிட்டபோது அது காலியாக இருந்தது.

ஒருவன் தன் சட்டைப்பையை எத்தனை முறை தடவிப் பார்ப்பான் என்பதற்குக் கணக்கில்லை. மேல்பை, கால்சட்டைப் பை, மறுபடியும் மேல்பை என்று கோபுர வாசலுக்கு எதிரே நின்று நான் தடவிக்கொண்டிருந்ததை, பூக்கூடையின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“எத்தினி தபா தடவினாலும் போனது வருமா நைனா? வெயில்ல நிக்காத, இப்டி வந்து ஒக்காரு” என்றார்.

அறுபது வயது இருக்கலாம். குள்ளமான உருவம், காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும். கூடையின் பின்னாலிருந்து ஓர் அலுமினியத் தூக்கை எடுத்து மூடியைத் திறந்தார். முந்தைய இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கொஞ்சம் மோர் விட்டுக் கரைத்து, கல்லுப்புப் போட்டது. வேண்டாம் என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள், தூக்கின் மூடியில் பாதியை ஊற்றிவிட்டார். பாதி என்று நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. மூடியில் விழுந்ததையும் தூக்கில் மிஞ்சியதையும் எட்டிப் பார்த்து, எனக்கு வந்தது குறைவென்று தோன்றியதால் மறுபடியும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

தொட்டுக்கொள்ள உரித்த சின்ன வெங்காயம் நான்கு இருந்தது, ஆளுக்கு இரண்டு. “வெள்ளிக்கெழமை, கவிச்சி கெடையாது” என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு, ஒரு சிறிய கிண்ணத்தைத் திறந்தார். முதல் நாள் வைத்த கத்திரிக்காய் மாங்காய்ச் சாம்பார், மறுபடியும் மறுபடியும் சுடவைத்ததில் சுண்டிக் கறுத்து, கரண்டியில் எடுத்தால் விழாத பதத்துக்கு வந்திருந்தது. தட்டு இல்லை. பூவைச் சுற்றிக் கொடுப்பதற்காக நறுக்கி வைத்திருந்த வாழையிலைத் துண்டுகளில் ஒன்றைத் துடைத்து, அதில் அந்தக் குழம்பை வழித்து வைத்தார். அந்தக் கிண்ணத்தில் மாங்கொட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாம்பாரில் கிடக்கும் மாங்கொட்டைக்கு எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடி நடக்கும். அதன் அருமை தெரியாதவன் அல்லன் நான். அதை எடுத்து என் இலைத்துண்டில் வைத்துவிட்டு அவர் கத்திரிக்காயைத் தொட்டுக்கொண்டார்.

முதல் வாய்ச் சோறு உள்ளே போனதை இப்போதும் தொண்டையில் உணர முடிகிறது. ஊறிப் பருத்த பருக்கைகள், கடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் புளிப்போடு கரைந்து இறங்கின. கல்லுப்பு முழுவதும் கரையாமல் இருந்ததால் ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் கரிப்பாகவும் இருந்தது. அந்த இலைத்துண்டில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் காலை முழுவதும் கிடந்த வாசனை இருந்தது. சுண்டிய சாம்பாரின் பெருங்காயத்தோடு மரிக்கொழுந்து கலந்தால் என்ன ஆகும் என்று யாரும் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் உண்டிருக்கிறேன். மாங்கொட்டையைச் சூப்பிச் சூப்பி வெளுத்துப்போன பிறகும் கீழே போட மனமில்லாமல் கையில் வைத்திருந்தேன். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இடையில் ஒரு பெண் வந்து பூ கேட்க, ஆயா இடது கையால் அளந்து கொடுத்துக் காசை மடியில் போட்டுக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டபடியே இருந்தார்.

மூடியைக் கழுவிக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, திருமுல்லைவாயிலுக்குப் போகப் பணமில்லாத சங்கதியைச் சொல்லிவிட்டேன். சோறு போட்டபோது ஒரு வார்த்தையும் கேட்காதவர், பணம் என்றதும் பெயர், தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, “அடுத்த வெள்ளிக்கெழமை கொண்டாந்து குடுத்துடணும், இன்னா?” என்றார். ஒற்றி என்றால் அடமானம் என்றொரு பொருள் உண்டு. கடல்நீர் ஒற்றி விலகியதால் வந்த பெயர் என்று தலபுராணம் சொன்னாலும், ஒற்றியூரில் கடன்பட்டவன் என்ற முறையில் எனக்கு முதல் பொருளே பொருத்தமாகப் படுகிறது. அன்று மாலை பாரிமுனை வழியாகப் பேருந்து மாறிப் போய்க் கொடியிடை அம்மனையும் தரிசித்தேன். பல்லிடுக்கில் மாங்காய் நார் ஒன்று சிக்கியிருந்தது.

இரவு வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். வந்தது பூக்காரி இல்லை, வடிவுடை அம்மனேதான் என்றார். அதற்கு அவரிடம் முன்னுதாரணமும் இருந்தது. ஏழுகிணற்றில் அண்ணன் வீட்டில் வளர்ந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து வழிபட்டுப் போவது வழக்கம். ஓர் இரவு அவர் திரும்ப நேரமாகிவிட, கதவு சாத்தியிருந்ததால் யாரையும் எழுப்பாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். வடிவுடை அம்மனே அண்ணியின் உருவில் சோற்றோடு வந்து எழுப்பிப் பரிமாறினாள் என்பதும், சற்று நேரம் கழித்து உண்மையான அண்ணி கதவைத் திறந்து சாப்பிட அழைத்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த வள்ளலார்தான் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. இந்த வரலாற்றில் எனக்கு அவநம்பிக்கை எதுவும் கிடையாது. என் விஷயத்தில்தான் உடன்பாடில்லை.

காரணம், அடுத்த வெள்ளிக்கிழமை நான் பத்து ரூபாயோடு போனேன். ஆயா அதே இடத்தில் இருந்தார். நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். நன்றிக்காக இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழு விலையும் வாங்கினார். முழமும் குறைந்தது, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளப்பதுதான் முழம் என்றால், அவர் உயரத்துக்கு அது குட்டை முழமாகத்தானே இருக்கும். கேட்டதற்கு, “என் கை அவ்ளோதான் நைனா, சாமி அளந்து குடுத்தது” என்றார். கொடுத்த கடனை எண்ணி வாங்கி, பூவுக்குக் காசையும் கறாராக வாங்கும் ஒருவர், தன் ஒருவேளைச் சோற்றில் பாதியையும் ஒற்றை மாங்கொட்டையையும் முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அதைத் தூக்கி அம்மன் கணக்கில் எழுதிவிட்டால் ஆயாவின் கணக்கில் என்ன மிஞ்சும்? இதை அம்மாவிடம் வாதாடியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “ஏன், அம்மன்னா பூவுக்குக் காசு வாங்கமாட்டாளா?”

பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. இருபத்தொரு வகைப் பதார்த்தங்களோடு இலை போட்ட பந்திகளில் உட்கார்ந்திருக்கிறேன். பசிதான் அந்த ருசிக்குக் காரணம் என்று நண்பர்கள் சொன்னதால், ஒருமுறை நாள் முழுவதும் பட்டினி கிடந்து, மனைவியைக் கெஞ்சிச் சாம்பாரைச் சுண்டவைத்துப் பழைய சோற்றோடு சாப்பிட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மரிக்கொழுந்து வாங்கி வந்து இலையில் தேய்த்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இன்றும் ஆடி வெள்ளிகளில் போகிறேன். தேரடி வரைக்கும் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2002-ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் உச்சிவேளைக்குக் கோயிலிலேயே சோறு கிடைக்கிறது. பந்தியில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கு நடப்பேன். ஊர் ஊராகக் கசந்துகொண்டே வந்த பேய்க்கரும்பின் நுனி எங்கே இனித்ததோ அங்கேயே தங்கிவிட்டவர் அவர். அப்படித் தங்க முடியாத நான் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவேன்.

ஆயாவிடம் ஏழெட்டு ஆண்டுகள் பூ வாங்கியிருப்பேன். அம்மா ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்துத் தன் கையில் அளந்து, “உன் அம்மனுக்குக் கை குட்டைடா” என்று சிரிப்பார். ஒரு தை வெள்ளியன்று அந்த இடத்தில் இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்கத் தோன்றாமல் இரண்டு முழம் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். வழக்கம்போலச் சரத்தைத் தன் முழங்கையில் வைத்து அளந்தார். அது அவருடைய விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. மறுபடியும் ஒருமுறை அளந்துவிட்டு நிமிர்ந்து, “இது அவங்க கை இல்லையேடா” என்றார்.