தொப்பூர்ல இறங்குமா?

பழைய வேன் ஒன்று வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், தர்மபுரியில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பல்லவி: "ஆட்டோமேட்டிக் மட்டும் வேண்டாம்பா, தொப்பூர் கணவாய் இறக்கத்துல பத்திரமா இறங்காது." சொன்னவர்களில் ஒருத்தர்கூட ஆட்டோமேட்டிக் ஓட்டியதில்லை.

மாருதி ஈகோ வேன் எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது, ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான். ஆனால் எனக்கு இடது முழங்கால் வலி. வாரம் இரண்டு தடவை ஓசூர் போகணும், சூளகிரி தாண்டி லாரிகளுக்கு நடுவே கிளட்சை மிதித்து மிதித்து வீடு திரும்பினால் அன்று ராத்திரி தைலம்தான். அதனால் 2019 எர்டிகா ஒன்று, பெட்ரோல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பார்க்கப் போனேன். இது டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்துகிற வகை. ஏஎம்டி வேறு ஜாதி, அது மேனுவல் கியர் பெட்டிதான், கிளட்சை நமக்குப் பதில் ஒரு கருவி இயக்கும். விற்கிறவர்கள் இரண்டையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்வார்கள், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து நேராகத் தொப்பூருக்கே விட்டேன். இறக்கத்தில் லீவரை டி-யிலேயே (டிரைவ், வழக்கமாக ஓட்டுகிற நிலை) விட்டால் வண்டி தன்பாட்டுக்கு வேகமெடுக்கிறது, பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. பிரேக் சூடேறினால் பிடிக்காது என்பதை அந்தக் கணவாயில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லீவரில் இருக்கிற ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கினேன், நான்காவது கியர் விலகியது. அப்புறம் வேகத்தைக் குறைத்து லீவரை 2-க்கு, அதாவது தாழ்ந்த கியருக்கு, இழுத்ததும் எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. "இந்தப் பட்டன் இதுக்கா சார்?" என்றார் உரிமையாளர். அவர் அதைத் தொட்டதே இல்லையாம்.

எங்கள் மெக்கானிக் சொன்னதில் மட்டும் நியாயம் இருந்தது: "கிளட்ச் பிளேட் போனா இங்கேயே மாத்தித் தர்றேன், அந்த ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி போனா எங்கிட்ட வராதண்ணா." செலவு பயங்கரம்தான். அதனால் சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன், காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய் பிரேக்கை மிதித்தபடி ஆர் (ரிவர்ஸ்), டி என்று மாற்றிப் பார்த்தேன். தாமதமோ குலுக்கலோ இல்லை, கியர் ஆயிலிலும் தீய்ந்த வாடை இல்லை. ரசீது இல்லாமல் இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் மேனுவல்தான் எடுத்திருப்பேன், முழங்கால் எப்படியோ போகட்டும் என்று. மைலேஜ் கொஞ்சம் குறைவு, சரி.

வாங்கியாச்சு. முதல் வாரம் பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின்னால் வந்த பாலக்கோடு பஸ் டிரைவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.