மூச்சுத் தசைகள் முண்ணாணுக்குச் சொல்பவை

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றும் எனக்கு, நெஞ்சு நோயாளர் விடுதியில் அடிக்கடி எழும் ஒரு பிணக்குப் பழகிப்போய்விட்டது. விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் 96 வீதம் என்று காட்டும். கட்டிலில் இருப்பவரோ மூச்சு முட்டுகிறது என்பார். பக்கத்தில் நிற்கும் பயிலுநர், நோயாளர் பதற்றப்படுகிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக ஆயத்தமாவார். அந்தக் குறிப்பை நான் எளிதில் ஏற்பதில்லை. அந்தக் கருவி குருதியை மட்டுமே அளக்கிறது. மூச்சை இழுக்கும் தசைகள் தமது நீளத்தையும் இழுவிசையையும் களைப்பையும் பற்றி முண்ணாணுக்கு (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கு) ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் தகவல் எதுவும் அதில் பதிவதில்லை.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான பிரிமென்றகட்டுக்குச் செல்லும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் முண்ணாண் துண்டங்களில் இருந்து புறப்படுகிறது என்பதை மாணவர்கள் நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அதே நரம்புக்குள் எதிர்த்திசையில், முதுகுப்புற வேர்களின் வழியாக முண்ணாணுக்குள் நுழையும் புலன் நார்களும் இருக்கின்றன அல்லவா என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். (பரீட்சை வினாத்தாள்களும் இந்தப் பக்கத்தைப் பெரிதாகச் சீண்டுவதில்லை.) பிரிமென்றகட்டில் நீளத்தை உணரும் தசைக்கதிர்கள் மிகக் குறைவு, இழுவிசையை உணரும் தசைநாண் உறுப்புகளும், தசை களைத்து அமிலம் சேரும்போது விழித்துக்கொள்ளும் மெல்லிய நார்களுமே அங்கு அதிகம். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள பழுவிடைத் தசைகளின் நிலை வேறு. அவற்றில் தசைக்கதிர்கள் செறிவாக உள்ளன. அவற்றின் தடித்த நார்கள் நெஞ்சுப்பகுதி முண்ணாணுக்குள் நுழைந்து இயக்க நரம்புக் கலங்களோடு நேரடியாகவே தொடுப்புக் கொள்கின்றன. மூச்சுப் பாதையில் திடீரெனத் தடை ஏற்பட்டுத் தசை எதிர்பார்த்த அளவு சுருங்காமல் நின்றால் தசைக்கதிர் கூடுதலாகத் துடிக்கும். மூளைக்குச் செய்தி எட்டும் முன்பே முண்ணாண் அந்தத் தசையின் உந்தலைக் கூட்டத் தொடங்கிவிடும்.

நீண்டகாலம் சுருட்டுப் பிடித்து நுரையீரல் உப்பிப்போன முதியவர்களிடம் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். அப்படி ஒரு ஐயா கட்டிலின் ஓரத்தில் இருந்து, இரு முழங்கைகளையும் சாப்பாட்டு மேசையில் ஊன்றி, கழுத்துத் தசைகள் கயிறுபோல் புடைக்க, "இழுக்கிறன் தம்பி, நெஞ்சு நிறையுதில்லை" என்றார். அவருடைய நோயை இதைவிடச் சரியாக நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. காற்று வெளியேறாமல் தேங்கியதால் அவருடைய பிரிமென்றகடு ஏற்கனவே தட்டையாகி, பழுக்கள் ஏற்கனவே உயர்ந்து நின்றன. மூளை எவ்வளவு வலுவாகக் கட்டளை அனுப்பினாலும் தசை மேலும் சுருங்குவதற்கு இடம் இருக்கவில்லை. செலவிட்ட விசைக்கும் கிடைத்த நீள மாற்றத்துக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையே மூச்சுத்திணறல் உணர்வின் ஊற்று என்று 1963இல் கம்பெல், ஹவெல் ஆகிய இரு ஆய்வாளர்களும் முன்வைத்த விளக்கம், பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும், விடுதியில் எனக்கு இன்றும் பயன்படுகிறது. அந்த ஐயா யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்த முன்சாய்ந்த இருப்பு, வயிற்றின் உள்ளுறுப்புகளைக் கொண்டு பிரிமென்றகட்டை மேலே தள்ளி அதற்குச் சற்று நீளத்தைத் திருப்பித் தருகிறது. நிமிர்ந்து படுக்கும்படி அவரை வற்புறுத்திய பணியாளரை நான் தடுக்க வேண்டியிருந்தது.

சங்கு குளிக்கும் தொழிலாளருக்கும் இது புதிதல்ல. நீருக்கடியில் மூச்சை அடக்கும்போது ஒரு கட்டத்தில் நெஞ்சும் வயிறும் தாமாகவே வெட்டி இழுக்கத் தொடங்கும். 1954இல் ஃபவுலர் என்ற ஆய்வாளர், மூச்சடக்கி இனித் தாங்காது என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு, குருதியின் வாயு நிலையைச் சீராக்காத ஒரு கலவையைச் சுவாசிக்கக் கொடுத்தார். அவர்களால் உடனே மீண்டும் மூச்சை அடக்க முடிந்தது. நெஞ்சு அசைந்ததே ஆறுதலாக இருந்திருக்கிறது.

லப்பரஸ்கோப்பி (சிறு துளை வழியான சத்திரசிகிச்சை) முறையில் பித்தப்பையை அகற்றிய பெண்கள் மறுநாள் வலத்தோளைப் பிடித்துக்கொண்டு, "மேசையிலை என்னைக் கோணலாய்க் கிடத்திப்போட்டினம் போலை" என்று முறையிடுவதும் பிரிமென்றகட்டின் அந்த நரம்பின் வேலையே. சத்திரசிகிச்சைக்காக ஏற்றி வயிற்றில் எஞ்சிய காபனீரொட்சைட்டு பிரிமென்றகட்டின் கீழ்ச்சவ்வை உறுத்த, அந்தச் செய்தி தோளின் தோலுக்கு உரிய அதே கழுத்துத் துண்டங்களுக்குள் நுழைகிறது. தோளுக்கு எண்ணெய் பூசிப் பலனில்லை. எழுந்து நடக்கச் சொல்லுவேன், வாயு கரைய வலியும் குறையும்.

பனையில் இருந்து விழுந்து கழுத்து முண்ணாண் சிதைந்தவர்களிடம் இதன் மறுபக்கம் தெரியும். சிதைவு 5ஆம் துண்டத்துக்குக் கீழே என்றால் பிரிமென்றகடு தப்பிவிடும். பழுவிடைத் தசைகளின் இயக்கமும் உணர்வும் இரண்டும் போய்விடும். உள்மூச்சில் வயிறு எழ, மேல்நெஞ்சு உள்ளே அமிழும். அந்த அமிழ்வு அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் காற்றுக்கான தவிப்பு அவர்களிடம் அற்றுப்போவதில்லை. கழுத்தின் உச்சியில் முண்ணாண் அறுபட்டு இயந்திரத்தால் சுவாசித்தவர்களுக்குக் காபனீரொட்சைட்டைக் கூட்டியபோது அவர்களும் தவித்தார்கள் என்பதை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. தவிப்பு ஒரு வழியாகவும் இழுப்பின் பாரம் இன்னொரு வழியாகவும் வருகின்றன என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். ஆகவே மூச்சு முட்டுகிறது என்பவரிடம், "காத்துக் காணாமல் இருக்கோ, இழுக்கப் பாரமாய் இருக்கோ?" என்று பிரித்துக் கேட்கும்படி பயிலுநர்களுக்குச் சொல்கிறேன். முதலாவது என்றால் வைத்தியரை அழைத்துக் குருதி வாயுக்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால், வைத்தியர் வரும்வரை காத்திராமல், தலையணையை மேசையில் வைத்து ஆளை முன்னே சாய்த்து இருத்தலாம்.