மஞ்சள் கப்ளர்

ஒரு வாடிக்கையாளரின் காரில், மோட்டாரில் நகரும் 2017 மாடல் பவர் சீட் மாட்டி நான் செய்த ஒயரிங்கை இன்று யார் பிரித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ், சீட்டுக்கு அடியில் பெயிண்ட் சுரண்டி பாடி எர்த். பவர் சீட் மோட்டார் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு ஒயர்தான், பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் சீட் பின்னால் போகும். 2017 சீட்டில் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே மெமரி மாட்யூல் ஒன்று இருந்தது. வண்டி 2014 மாடல், அதோடு இது பேசாது. மாட்யூலைக் கழற்றி வைத்துவிட்டு சாதா சுவிட்ச் போட்டேன். பெல்ட் பக்கிள் ஒயர்கூடக் கப்ளர் பின்னை மாற்றியதும் ஒத்துக்கொண்டது.

ஏர்பேக் ஒயரை இணைக்கும் மஞ்சள் கப்ளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மாடலிலும் உண்டு, ஆனால் கப்ளரின் காடி வேறு. வெட்டி ஒட்டலாம் என்றால், ஏர்பேக்குக்குள்ளே இருக்கும் வெடிமருந்தும் வண்டியின் பழைய ஏர்பேக் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாருக்குத் தெரியும்? மீட்டர் வைத்துப் பார்க்கவும் கூடாது, அந்தச் சிறு கரண்டிலேயே வெடித்துவிடலாம். அதனால் மாட்டாமல் விட்டேன். டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் அணையாமல் நின்றது.

“லைட் எரிஞ்சா வீட்ல கேள்வி கேப்பாங்க அண்ணே. ஏதாவது பண்ணி அணைச்சுடுங்க” என்றார் வாடிக்கையாளர்.

“அணைச்சா சைடு ஏர்பேக் இல்லேன்னு அர்த்தம் சார்.”

“எனக்குத் தெரியும்ல, அது போதும்.”

இந்த மூணு வரியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். “பழைய சீட்டையே மாட்டிக்கங்க சார்” என்று நாலாவதாக ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய சீட்டை, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலேயே கொடுத்துக் கழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஏர்பேக் இணைய வேண்டிய ஒயரில், இரண்டு பக்கமும் 2 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. ஏர்பேக்கின் ஓம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஏர்பேக் மாட்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். சாவியைத் திருப்பினேன். லைட் சில நொடி எரிந்து, நல்ல பிள்ளையாக அணைந்தது.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த லைட் எரிந்தபடி இருந்தால் சில வண்டிகளில் முன்பக்க ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம். ஆக ஸ்டியரிங்கில் இருப்பதையாவது காப்பாற்றினேன். இது பொய் இல்லை. ஆனால் இந்த யோசனை வந்தது ரெசிஸ்டர் வைத்த பிறகா, அதற்கு முன்பா என்று கேட்டால், பிறகுதான்.

அப்புறம் அந்த வண்டியை மறந்தே போனேன். இரண்டு வருடம் கழித்து ஹார்ன் வேலைக்கு வந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தெரியவில்லை, சீட் சுவிட்சைப் பார்த்துத் தெரிந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பெண், பக்கத்து சீட்டில் அவருடைய அம்மா. பழைய வண்டியாக வாங்கி நான்கு மாதம் ஆகிறதாம்.

சீட் ஓரத்தில் தைத்திருந்த சின்னத் துணிப் பட்டையை விரலால் நிமிர்த்திக் காட்டி, “அண்ணா, ஏர்பேக்னு போட்டிருக்கே, சைட்லயும் வருமா?” என்றார்.

“சீட்லயே எழுதியிருக்கே மேடம்.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த அம்மா மகளைப் பார்த்து, “பாத்தியா, நல்ல வண்டிதான்” என்றார். நான் ஹார்ன் ரிலேவைத் தேடுகிற மாதிரி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வேறு வருடத்து சீட் வந்தால் மஞ்சள் கப்ளர் பொருந்தாமல் தொடுவதே இல்லை என்று எழுத ஆசைதான். போன மாதம்கூட ஒன்று மாட்டினேன். லைட்டை அணைக்க முடியாது என்று கறாராகச் சொல்லி, எரியவிட்டே அனுப்பினேன். தெருமுனையில் இன்னொரு கடை இருக்கிறது.

பில் புக்கில் முதல் வேலையின் கார்பன் நகல் இருக்கிறது: ‘பவர் சீட் ஃபிட்டிங், ஒயரிங்’. ரெசிஸ்டரை எழுதவில்லை, அதற்குக் காசும் வாங்கவில்லை. அதே புக்கில் பின்னால் அந்தப் பெண்ணின் போன் நம்பரும் இருக்கிறது. கூப்பிட்டால், “அன்னிக்குக் கேட்டேனே அண்ணா?” என்பார்.