கிடையும் குழாய் மைக்கும்

பிப்ரவரி 15, 2025, சனி

அதிகாலை நாலரை மணி. மேலூர்ப் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். மந்தைக்குத் தலைவரான கீதாரி ஐயா ஆடுகளைக் கிளப்பும்போது நாக்கை உருட்டி 'ட்ர்ர்ரோ...' என்று இழுத்து, கடைசியில் ஒரு சொடுக்குப் போடுவார். எங்கள் ஆவணப்படத்துக்கு அதுதான் முதல் சத்தம். அவர் வாயெடுத்த நேரம் பார்த்து ஹெட்போனில் கடுகு வெடிக்க ஆரம்பித்தது. கேபிள் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன். ம்ஹூம். மைக்கைத் தொட்டால் கிணற்றடிச் சொம்பு மாதிரி ஈரம்.

"மாசிப் பனி மச்சத் தொளைக்கும்பாக. ஒங்க குச்சி எம்மாத்திரம் தம்பி?" என்றார் ஐயா, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே.

நாலு வருஷம் சோறு போட்ட மைக். கோபப்படவும் மனசு வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சாலிகிராமத்தில் லொகேஷன் சவுண்ட் பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "பனியில நிக்கணும்னா ஆர்.எஃப் கண்டென்ஸரா பாருடா. மத்ததுக்குக் குளிர் ஒத்துக்காது."

சாதாரண கண்டென்ஸர் மைக்கில் மெல்லிய சவ்வும் அதன் பின்தட்டும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஈரம் படிந்தால் அது கசியும். எனக்கு வெடித்த கடுகு அந்தக் கசிவுதான். ஆர்.எஃப் வகையில் அதே சவ்வு ஓர் உயர் அதிர்வெண் சுற்றில் உறுப்பாக இருக்கிறது. மின்மறுப்பு குறைவு, அதனால் ஈரம் அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

கடைசியில் இரண்டு பெயர் நின்றன, இரண்டும் ஷாட்கன் என்கிற குழாய் மைக். எழுபதுகளிலிருந்து ஷூட்டிங் ஸ்பாட்டுகளில் பார்க்கிற சென்ஹைசர் எம்கேஎச் 416. அடுத்தது ரோடு என்டிஜி5. எம்கேஎச் 8060 பற்றியும் அண்ணன் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தேன். இரண்டையும் வாடகைக்கு அனுப்புகிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆம்னி பஸ் பார்சல். காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் வாங்கினேன். ஆசை தாங்காமல் வீட்டுக்குள்ளேயே சோதித்தால் இரண்டிலும் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. சுவரில் முட்டித் திரும்பும் ஒலிக்கும் குழாய் மைக்குக்கும் ஆகாது. மொட்டைமாடிக்குப் போனதும் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 22, சனி

இரண்டையும் ஒரே கம்பியில் பக்கம் பக்கமாகக் கட்டி, சூம் எஃப்3 ரெக்கார்டரில் ஆளுக்கொரு சேனல். மைக்குக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாக, 48 வோல்ட் பேன்டம். காற்றுக்குப் போட்ட ரோமப் போர்வையைப் பார்த்து கிடை நாய் குரைத்துத் தீர்த்துவிட்டது. "என்ன தம்பி, கீரிப்புள்ளையக் குச்சியில கட்டிக் கொண்டாந்திருக்கீக?" என்று ஐயாவின் வீட்டம்மாவுக்குச் சிரிப்பு.

பனி முந்தைய வாரத்தைவிடக் கூடுதல். இரண்டிலும் ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை. அந்த வகையில் எதை எடுத்தாலும் தேறும்.

416-ன் எடை 165 கிராம், என்டிஜி5 76. காகிதத்தில் 89 கிராம் ஒரு வித்தியாசமா? மூன்று மீட்டர் பூம் கம்பியின் நுனியில் வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி இருபது நிமிஷம் நின்று பார்த்தால் தோள்பட்டை பதில் சொல்லும். மைக்கின் சொந்த இரைச்சல் 416-ல் 13 டெசிபல், என்டிஜி5-ல் 10. பேச்சு எடுக்கும்போது அதைப் பற்றிக் கவலையே இல்லை. நான் எடுத்தது படுத்திருக்கும் ஆடு அசைபோடும் சத்தம். அரைத்து, நிறுத்தி, விழுங்கி, உள்ளிருந்து அடுத்த கவளம் மேலேறும் அந்த 'குளுக்'. அங்கே மூன்று டெசிபல் பெரிய விஷயம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இயக்குநர்த் தம்பி கேட்டது: "ஷாட்கன்தானேண்ணே, கண்மாய்க் கரையில நின்னே எடுத்திரலாமே?"

பைனாகுலர் என்று நினைத்துவிட்டான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். குழாயின் பக்கவாட்டில் வரிசையாகக் கீறல்கள் இருக்கின்றன. முன்னாலிருந்து வரும் ஒலி நேராகச் சவ்வுக்குப் போகும். பக்கத்திலிருந்து வருவது ஒவ்வொரு கீறல் வழியாகவும் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்குக் கழிக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபல் போச்சு; எந்தக் குழாயும் அதை மீட்டுத் தராது.

கழித்தலும் மேல் ஸ்தாயியில்தான். திருச்சி நான்கு வழிச்சாலை லாரிகளின் உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அதன் அலைநீளம் மூன்றரை மீட்டர். குழாயோ கால் மீட்டருக்குள். மலைப்பாம்பை நெல் மரக்காலில் அளக்கிற கதை. அடி ஸ்தாயியை வெட்டும் லோ-கட் போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டைக் காட்டி நின்றேன். முதுகைக் காட்டினால் பின்பக்கமும் கொஞ்சம் கேட்டுத் தொலைக்கும் இந்த ஜாதி மைக்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. நாலாப்பக்கமும் குலசாமி கோயில், நாலாப்பக்கமும் ரேடியோ செட். வேலை இல்லை. பொங்கல் சாப்பிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

என்டிஜி5 வாங்கிவிட்டேன். 416-ஐப் பார்சல் கட்டும்போது மனசு கேட்கவில்லை. ஆம்பளைக் குரல் அதில் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறது. பேட்டிப் படமாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். இது ஆட்டுப் படம். மிச்சக் காசு முழுக்கக் காற்றுக்கூட்டுக்கும் இன்னொரு ரோமப் போர்வைக்கும் போனது. பங்குனி, சித்திரை தாண்டி ஆடிக் காற்று வரைக்கும் இந்தப் படம் இழுக்கும் என்று உள்ளூரத் தெரியும்.

விடியலில் 'ட்ர்ர்ரோ' கிடைத்தது. ஐயாவுக்கு ஒன்றரை மீட்டர் தூரத்தில், தலைக்கு மேலிருந்து, சொடுக்கு வரை சுத்தமாக. டீ குடிக்கும்போது அவர் காதில் ஹெட்போனை மாட்டி, விடியலுக்கு முன்னால் எடுத்த அசைபோடும் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தி, "மறுக்காப் போடுங்க" என்றார். போட்டேன்.

"இருமுறது செவலக்குட்டியில்ல?" டீ டம்ளரை வரப்பில் வைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டு, கிடையைப் பார்த்து நடந்தார்.