மைனர் லீக் பேஸ்பால்: கூட்டக் கணக்கும் கடைவீதியும்

அமெரிக்காவில் ஒரு ஊர், கடைகளுக்கு வியாபாரம் பெருகும் என்று சொல்லி, நகர மையத்தில் மைனர் லீக் (முதன்மை லீகுக்குக் கீழே உள்ள தொழில்முறைப் போட்டிகள்) பேஸ்பால் மைதானம் கட்டப் போகிறது என்றால், முதலில் காட்டும் எண் வருகைப் பதிவு. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அறிவிக்கப்படும் எண்ணிக்கை பெரும்பாலும் விற்ற, விநியோகித்த டிக்கெட்டுகள்தான். சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராதவரும் அதில் அடக்கம். கடைக்காரருக்கு வேண்டியது வாசலில் ஸ்கேன் ஆன எண்.

அடுத்து நாள்கணக்கு. மைனர் லீகின் மேல்தட்டான டிரிபிள்-ஏ அணிக்குச் சொந்த ஊரில் 75 ஆட்டம், அதற்கு அடுத்த தட்டான டபுள்-ஏவுக்கு 69. மீதி 290 நாளாவது மைதானம் சும்மா கிடக்கும், கச்சேரி கிச்சேரி நடந்தால் உண்டு. 2021 முதல் பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு ஆட்டம். அணி வெளியூர் போனால் அந்த வாரம் முழுக்கத் தெரு காலி. மைதானத்தை நம்பி மட்டும் பார் திறந்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போயிருக்கும் காசு இங்கே வருகிறது, அவ்வளவே. பார்க்கிங் மைதானத்தோடு ஒட்டியிருந்தால் அதுவும் உள்ளேயே ஹாட் டாக், பீரில் முடிந்துவிடும். இரண்டு தெரு தள்ளி வண்டியை விடவைத்தால்தான் கடைகளுக்குச் சில்லறை சேரும்.

மைதானத்தால் நகர மையம் செழித்தது என்பதற்கு வட கரோலினாவின் டர்ஹாமைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே மைதானம் 1995. எதிரே இருந்த பழைய புகையிலைத் தொழிற்சாலை அலுவலகங்களும் உணவகங்களுமாகத் திறந்தது 2004. மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் ஆள் அனுப்புவது அந்த அலுவலகங்கள்தான்.