மூன்று மணிக்கு மூடிய பெட்டி

டெண்டர் பெட்டியின் வாயில் காகிதம் ஒட்டி நான் கையெழுத்துப் போட்டபோது சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக மூன்று. பத்து நிமிடம் கழித்து ஒருவர் படியேறி வந்தார். கையில் அரக்கு வைத்த உறை. அங்கே உட்கார்ந்திருந்த ஒப்பந்ததாரர்களின் முன்னால் பெட்டியைக் காட்டினேன். அவர் வாதாடவில்லை. "சரி சார், அடுத்த வேலையில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உறையைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் செய்தது சரிதான். நேரம் முடிந்த பிறகு ஒரு உறையை வாங்கினால் மற்றவர்களுக்குத் துரோகம். இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் தவறியது அதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பு, அறிவிப்பில் தேதியை எழுதியபோது.

அது ஒரு சிறுபாலம், அதையொட்டிக் கொஞ்சம் சாலை. மதிப்பு 2 கோடிக்கும் கீழே. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும்தான் எங்களுக்கு வேதம். இருபதாவது விதி எனக்கு மனப்பாடம்: அரசின் டெண்டர் அறிவிப்புகள் வரும் இதழான டெண்டர் புல்லட்டினில் அறிவிப்பு வெளியாகும் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள். இதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். நான் எதையும் குறைக்கவில்லை. ஜனவரி 8, வியாழக்கிழமை அறிவிப்பு. ஜனவரி 23, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி கடைசி. பதினைந்து நாள், விதிப்படி.

இடையில் பொங்கல் இருந்தது. அந்த ஒப்பந்ததாரர் போன பிறகுதான் காலண்டரைக் கையில் எடுத்து எண்ணினேன். சனி, ஞாயிறு, பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் எல்லாம் கழிந்து, கடைசி நாளையும் விட்டுவிட்டால், அரசு அலுவலகம் திறந்திருந்தது எட்டு நாள். அவருக்குத் தேவைப்பட்டது முன்பு செய்த வேலைக்கான பணி முடிப்புச் சான்று. அதில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பக்கத்து மாவட்டத்தில் இருந்தார், பண்டிகையை ஒட்டி விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டதே 23ஆம் தேதி காலையில்தான். பஸ் பிடித்து வந்து சேர மூன்று பத்து ஆகிவிட்டது. இதை அந்த ஒப்பந்ததாரர் அன்று சொல்லவில்லை. பல மாதம் கழித்து வேறொரு வேலை விஷயமாக வந்தபோது, நான் கேட்டதால் சொன்னார்.

அந்த வேலைக்கு வந்தவை இரண்டே உறைகள். இருவருமே எங்கள் அலுவலகத்தோடு நாள்தோறும் தொடர்பில் இருந்தவர்கள். மதிப்பீடு தயாராகிறது என்ற செய்தி அறிவிப்புக்கு முன்பே அவர்கள் காதுக்கு எட்டியிருக்கும். யாரும் இரகசியத்தை விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீட்டுக்காக அளவெடுக்கப் போகும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். கெடு எவ்வளவுக்கு எவ்வளவு சுருங்குகிறதோ, முன்கூட்டியே தெரிந்தவருக்கு அவ்வளவு ஆதாயம்.

டெண்டர் போடுவதென்றால் படிவத்தை நிரப்புவது என்றுதான் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நண்பர் ஒருவரின் சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்கு டெண்டர் தயாரிக்க உதவினேன். அப்போதுதான் மேசையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். மண் எப்படி, தண்ணீர் ஊறுகிறதா, லாரி உள்ளே போகுமா என்று தெரியாமல் அஸ்திவாரத்துக்கு விலை சொல்ல முடியாது. ஜல்லி எந்தக் குவாரியில் இருந்து வரும், லீடு, அதாவது அங்கிருந்து வேலை இடம் வரை சுமந்து வரும் தூரம், எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டும். கம்பிக்கு இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும். சென்ட்ரிங் மேஸ்திரியோடு பேச வேண்டும். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையான இ.எம்.டி.க்கு வங்கியில் வழி செய்ய வேண்டும். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் இவை ஒரே சமயத்தில் நடக்கும். எங்கள் நிறுவனத்தில் என் நண்பரும் அவருடைய மகளும் நானும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தோம்.

இப்போது பெட்டியும் அரக்கும் போய்விட்டன. இணையத்தில் டிஜிட்டல் கையொப்பத்தோடு இரண்டு உறைகளாக, தொழில்நுட்பம் ஒன்று, விலை ஒன்று என்று ஏற்றுகிறோம். திரையின் மேலே சர்வர் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பஸ் பயணம் மிச்சம், உறையைப் போடவிடாமல் வாசலில் மறிக்கவும் ஆள் இல்லை. இது பெரிய முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் குவாரிக்குப் போய்வரும் தூரம் இணையத்தால் குறையவில்லை.

ஒருமுறை குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை ஒன்றுக்குக் கணக்கெல்லாம் முடித்து வைத்திருந்தோம். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது திருத்த அறிவிப்பு வந்தது. பிரதானக் குழாயில் ஒரு பகுதிக்கு பி.வி.சி. இல்லை, டி.ஐ. என்ற இரும்புக் குழாய் போட வேண்டும். புதிய அளவுப் பட்டியல். கடைசித் தேதியில் மட்டும் மாற்றம் இல்லை. குழாய் விற்பவர் விலை சொல்ல ஒரு வாரம் கேட்டார். எழுதிக் கேட்டோம், தேதி நீட்டிக்கப்படவில்லை. பழைய விலை ஒன்றை எடுத்து, அதன்மேல் பயத்துக்காகக் கொஞ்சம் ஏற்றிப் போட்டோம். வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், அந்தப் பயத்துக்கான பணத்தையும் ஊர் மக்கள்தான் கொடுத்திருப்பார்கள். பயந்து ஏற்றாமல் துணிந்து குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. பாதிப் பள்ளத்தோடு நின்றுபோன வேலைகள் சிலவற்றை நான் பணியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. டெண்டர் ஆவணத்தில் முக்கியமான மாற்றம் செய்தால் கெடுவையும் நீட்டியாக வேண்டும். உரிய நேரத்தில் கேட்ட விளக்கத்தைக் கெடு முடிய ஆறு நாளுக்கு முன்பாவது தராவிட்டாலும் அப்படித்தான். நம் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சாதாரணமாக மூன்று வாரம் தரச் சொல்கின்றன. அதிலும் அறிவிப்பு வந்த நாள், ஆவணம் கிடைத்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். எழுதியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

அவசரமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வெள்ளத்தில் பாலம் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. இயற்கைப் பேரிடர் போன்ற நேரங்களுக்குச் சட்டத்தின் 16ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. ஆனால் என் பணிக்காலத்தில் 'பணியின் அவசரம் கருதி' என்று எழுதப்பட்ட குறுகிய கால டெண்டர்களில் பெரும்பாலானவை மார்ச் மாதத்துக்கு முன் நிதியைச் செலவழிக்க வேண்டிய அவசரம். நிர்வாக அனுமதிக்கும் தொழில்நுட்ப அனுமதிக்குமாக எங்கள் மேசைகளில் ஐந்து மாதம் கிடந்த கோப்பு, வெளியே வந்ததும் ஒப்பந்ததாரரை ஓடச் சொல்லும். நாங்கள் தொலைத்த நாட்களை அவரிடம் வசூலித்தோம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் இருந்ததால் இன்னும் அதிகமாக.

சிறுபாலத்துக்குப் பிறகு தேதி எழுதும் முன் காலண்டரைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன். கடைசி நாள் திங்கட்கிழமையாக வராமல் பார்த்துக்கொண்டேன், சந்தேகம் வந்தால் கேட்க அலுவலக நாள் வேண்டுமே. நாற்காலி, மேசை வாங்க 15 நாள் தாராளம், அதை நீட்டவில்லை. பாலம், தண்ணீர்த் தொட்டி என்றால் விதி சொல்வதைவிட ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டுக் குறிப்பு எழுதினேன். பாதி முறை ஒப்புக்கொண்டார்கள்.

போன மாதம், முன்பு என்னிடம் வேலை பழகிய உதவிப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு தடுப்பணை வேலைக்கு 24 நாள் போட்டு அனுப்பினாராம், மேலே 15ஆகக் குறைத்துவிட்டார்கள்.

"நீ என்ன காரணம் எழுதியிருந்தாய் அம்மா?" என்று கேட்டேன்.

"ஓடையில் தண்ணீர் வடியாமல் யாரும் அடிமட்டத்தைப் பார்க்க முடியாது, அதற்கே பத்து நாள் ஆகும் என்று எழுதினேன் சார். அந்தக் குறிப்பை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. பக்கம் பன்னிரண்டில் இருக்கிறது."