ஃபேன் அம்மிணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று மாதம் இன்டர்னாக இருந்தேன். முதல் 15 நாள் பட்டன், லேபிள் சாம்பிள் வைக்கும் டிரிம் கார்டில் பட்டன் ஒட்டினேன், மெயில் பிரிண்ட் எடுத்தேன், கூரியர் கவரில் விலாசம் எழுதினேன். யாரும் திட்டவில்லை. யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.

பதினாறாம் நாள், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் அக்காவிடம் போய், "என்னை ஒரு வாரம் ஃபேப்ரிக் செக்கிங்ல போடுங்கக்கா" என்றேன். முந்தின இரவு கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்தது. அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "போய்க்கோ கண்ணு" என்றார். இதுக்கா இத்தனை நாள் பயந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

செக்கிங்கில் ஜிஎஸ்எம் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. வட்டக் கட்டரைத் துணிமேல் அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வில்லை வரும். அதன் எடையை கிராமில் பார்த்து நூறால் பெருக்க வேண்டும். மூன்றாம் நாளே ஒரு லாட்டில் எடை குறைகிறது என்று கட்டிங் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு, அதே வில்லையைத் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. காற்றில் தராசு ஆடியிருக்கிறது. வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டுக்கொண்டிருந்த அண்ணன்கள் சிரித்த சிரிப்பில் அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த வாரம் நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சி வந்தது, டி-ஷர்ட் தைக்கும் பின்னல் துணி. பையர் கேட்டது 180 ஜிஎஸ்எம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடை போட்டேன். 1.66 கிராம், அதாவது 166. ஐந்து ரோலில் வெட்டிப் பார்த்தும் அதே கதை.

இந்த முறை ஓடவில்லை. ஒரு துண்டில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டர் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்தேன். 46. எட்டு சதவீதச் சுருக்கம். பையர் ஷீட்டில் ஐந்துக்கு மேல் கூடாது. துவைத்தால் சுருங்காமல் இருக்கத் துணியை முன்கூட்டியே இறுக்குகிற காம்பாக்டிங்கில், அதை நீளவாக்கில் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் எடையும் குறைவு, சுருக்கமும் அதிகம்.

இதை மாஸ்டரிடம் சொல்வதுதான் கஷ்டம். துணி லேசாக இருந்தால் அதே கிலோவில் பீஸ் கொஞ்சம் கூடுதலாக வரும், யாருக்குத்தான் கசக்கும்? அவர் லே போட்டு முடித்தும் விட்டார். "அம்மிணி, இருபத்தஞ்சு வருசமா வெட்டிட்டு இருக்கறனுங்க" என்றார்.

நான் துவைத்த துண்டையும், அதே அளவில் வெட்டி வைத்திருந்த துவைக்காத துண்டையும் அந்த லே மேலேயே பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். "இதுல நான் எங்க தப்புப் பண்ணியிருக்கேன்னு சொல்லுங்க மாஸ்டர்." பணிவுக்காகச் சொன்னதில்லை. இதிலும் ஏதாவது ஃபேன் இருக்குமோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது.

அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தானே அளந்தார். திரும்ப ஒருமுறை அளந்தார். கட்டிங் மெஷின் ஒயரைப் பிடுங்கினார்.

லாட் மறுபடி காம்பாக்டிங் போனது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் மெர்ச்சண்டைசர் அக்கா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாராட்டு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த லாட் இறங்கியபோது கட்டிங் டேபிளிலிருந்து மாஸ்டரின் குரல் ஆபீஸ் வரைக்கும் கேட்டது:

"அந்த ஃபேன் அம்மிணி எங்கப்பா? துவைச்சுப் பார்க்கட்டும், அப்புறம் வெட்டலாம்."